சேட்டுக்கு எழுதிய கடிதம்

கீதா என்ற அந்தப் பெண் செம்பூரில் ஏதோ ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்திருந்தாள். விபத்து என்று முடித்த சாவுகளில் தற்கொலை எத்தனை என்று பிணப் பரிசோதனைக் கோப்புகளை வைத்துக்கொண்டு வீடு வீடாக விசாரிக்கிறார்களாம். தாராவியில் முப்பது வருடம் தமிழர் சங்கச் செயலாளராக இருந்தவன் நான். வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

"என் மகன் மாரிசெல்வம் ஆக்சிடென்ட்ல போனான். ரெண்டு வருசமாச்சு. வேற ஒண்ணும் கிடையாது."

"சரி அங்கிள். இஷ்டம் இல்லேன்னா நான் போயிடறேன்."

என் மனைவி பேராச்சிதான் கெடுத்தாள். "வெயில்ல வந்த பிள்ளைய நிப்பாட்டி வச்சுப் பேசுதீங்களே. உள்ள வாம்மா. எங்க வீடு?"

"மாட்டுங்கா, ஆன்ட்டி. தாத்தா காலத்துலேர்ந்து அங்கதான். தமிழ் பேசுவேன், படிக்கத்தான் வராது."

"எனக்கும் வராது. நம்ம ரெண்டு பேரும் ஒரே கிளாஸு" என்று சிரித்தபடி பேராச்சி டீ போட்டாள். அவள் சிரித்துப் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

மகன் சரியாகச் சாப்பிட்டானா, தூங்கினானா என்று கீதா கேட்டாள். இதுவரை யாரும் பேராச்சியிடம் அதைக் கேட்டதில்லை. எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். கடைசி ஒரு மாதம் அவன் தூங்கவே இல்லை, தட்டில் வைத்த சோறு அப்படியே இருக்கும், கேட்டால் ஒன்றுமில்லை என்பான். நான் தொண்டையைச் செருமினேன். அவள் நிறுத்தவில்லை.

அப்போதுதான் கீதா பையிலிருந்து ஒரு நகலை எடுத்தாள். "அவர் சட்டைப் பையில இருந்த தமிழ் லெட்டர், அங்கிள். ஃபைல்ல போலீஸ் இதை லீவ் லெட்டர்னு மராத்தியில எழுதி, கீழே உங்க கையெழுத்து இருக்கு. எல்லாக் காகிதத்தையும் மறுபடி சரிபார்க்கணும். ஒரு தடவை படிச்சுச் சொல்றீங்களா?"

"என்ன லெட்டரு?" என்றாள் பேராச்சி.

தமிழில் எந்தக் காகிதம் கிடைத்தாலும் போலீஸ் ஸ்டேஷனில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அன்றும் கூப்பிட்டார்கள். என் மகன் கையெழுத்தை என்னிடமே நீட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். மகள் மாரிசெல்விக்குப் பாண்டுப்பில் மாப்பிள்ளை பேசி முடித்து, கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போயிருந்த நேரம். அவன் வேலை பார்த்த பட்டறைச் சேட்டுக்கு எழுதிய விடுப்புக் கடிதம் என்றேன். எழுதிக்கொண்டார்கள். கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

இப்போதும் நகலைக் கையில் வாங்கி, நிமிர்ந்து உட்கார்ந்து, நிதானமாகவே சொன்னேன். "ஐயா, உடம்பு சரியில்லாததால் மூன்று நாள் விடுப்பு வேண்டும்."

கீதா கோப்பில் இருந்த மராத்திக் குறிப்பைப் பார்த்தாள். "இதுல ரெண்டு நாள்னு இருக்கு அங்கிள்."

"ரெண்டோ மூணோ. என்னத்துக்கு இப்ப அது?"

பேராச்சி டம்ளரைக் கீழே வைத்தாள். "யாருக்கு எழுதுன லீவு லெட்டரு?"

"குர்லா பட்டறைச் சேட்டுக்குத்தான்."

"அந்தச் சேட்டுக்குத் தமிழ் தெரியாதே."

இந்த ஓட்டை அன்று ஸ்டேஷனில் யார் கண்ணிலும் படவில்லை. இரண்டு வருடமாக எனக்கும் தோன்றவில்லை.

"லீவு வேணும்னா அவன் போன்ல இந்தியில சொல்லுவான். நானே கேட்டிருக்கேன்" என்றாள். "படிங்க. உள்ளத உள்ளபடி படிங்க."

"நீ உள்ள போ."

"போகமாட்டேன்."

கீதா எழுந்தாள். "அங்கிள், நான் இன்னொரு நாள் வரேன். இல்ல, வராமலே இருக்கேன். நீங்க சொல்லணும்னு கட்டாயம் இல்ல."

"நீ இரும்மா" என்றாள் பேராச்சி. "நீ போயிட்டா இந்தக் காகிதத்தக் கிழிச்சுப் போட்டுருவாக."

அதைத்தான் செய்ய நினைத்திருந்தேன்.

கீதா உட்கார்ந்தாள், பேனாவை மூடிக் கீழே வைத்தாள். அதை அவள் திறந்தே வைத்திருந்தால் கோபப்பட்டு வெளியே அனுப்பியிருப்பேன்.

ஊரிலிருந்து கடிதம் வந்த காலத்தில் உட்காருவதைப் போலவே பேராச்சி என் எதிரில் காலை மடக்கி உட்கார்ந்தாள். முதல் வரி அவளைத்தான் கூப்பிடுகிறது. இரண்டாம் வரி, இது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்கிறது. அவளுக்கு வரும் எதையும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும் என்பது அவனுக்கு ஏன் நினைவில் இல்லை என்று இரண்டு வருடமாக யோசிக்கிறேன்.

"அம்மா" என்று படித்தேன்.

விரலை இரண்டாம் வரியில் வைத்தேன்.

"ம்" என்றாள் பேராச்சி, அடுத்த வரிக்காக.