மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில்

என் தங்கை லோர்னா வேலைக்குக் கிளம்பியதும் நான் செய்கிற முதல் காரியம், மாடியேறி அவள் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் வால்வை ஐந்தாம் எண்ணிலிருந்து மூன்றுக்குத் திருப்புவது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை முடித்துக் காலையில் வருகிறவள் அதை மறுபடி ஐந்தில் வைப்பாள். அக்டோபரிலிருந்து இப்படித்தான். இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஹாலிஃபாக்ஸில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சுவர் பொது, பக்கத்து வீட்டில் தும்மினால் எனக்குக் கேட்கும். ஒரே வீட்டுக்குள் இருந்த நாங்கள் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

விவாகரத்தான கையோடு இரண்டு பெட்டிகளுடன் வந்தவள். பகலில் தூங்க வேண்டியவளாயிற்றே என்று அவளுக்காகச் சந்தையில் கனத்த வெல்வெட் வாங்கி, உள்ளே இன்னொரு துணி வைத்து, தரை தொடும் திரைச்சீலை தைத்தேன். மூன்று வாரம் பிடித்தது. பட்டப்பகலிலும் அறை கும்மென்று இருட்டிவிடும். "அழகா இருக்கு ஹிலரி" என்றாள். அடுத்த வாரமே குளிர்கிறது என்று ஆரம்பித்துவிட்டாள். ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளச் சொன்னேன். போட்டுக்கொண்டாள். பிறகு ஸ்வெட்டருக்கு மேல் கோட்டையும் போட்டுக்கொண்டு தூங்க ஆரம்பித்தாள், எனக்குக் காட்டுவதற்கென்றே. எனக்கு ஆத்திரம் வந்ததைச் சொல்லத்தான் வேண்டும்.

போன ஞாயிறு மதியச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கின் மேல் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "பக்கத்து ஊர் பிரிக்ஹவுஸ்ல ஒரு ஃபிளாட் பாத்திருக்கேன். சின்னதுதான். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"நல்லது" என்றேன்.

நல்லதாவது ஒன்றாவது. என் கணவர் கீத் போய்ச் சேர்ந்து நாலு வருஷம், அதற்குப் பிறகு இவள் வந்துதான் வாசலில் இன்னொரு ஜோடி செருப்பு கிடக்கிறது. அவள் போவதில் எனக்குத் துளியும் விருப்பமில்லை. ஆனால் போகாதே என்று கேட்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

வியாழக்கிழமை மதியம் டெஸ்மண்ட் வந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை ரேடியேட்டர்களுக்குச் சுடுதண்ணீர் அனுப்பும் எங்கள் பாய்லரைப் பார்த்துக் கொடுப்பவர் அவர்தான். பால்காரரிலிருந்து பாதிரியார் வரை எல்லோரும் அவருக்குக் 'கண்ணு'தான். லோர்னா ஏதோ வாங்க வெளியே போயிருந்தாள். டீ குடித்துவிட்டு ஒவ்வொரு ரேடியேட்டராகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தவர், லோர்னாவின் அறையில் ஜன்னலுக்கடியில் ரேடியேட்டரை மூடியிருந்த திரைச்சீலைக்குப் பின்னால் கையை விட்டார்.

"என்ன கண்ணு, ஜன்னலுக்குச் சூடு போட்டுக்கிட்டு இருக்கியா?"

"அவ எப்பவும் அஞ்சுல வைக்கிறா டெஸ். முழுசாத் திறந்துவிட்டா கேஸ் பில் எங்க தாங்கும்?"

"இது அடுப்புத் திருகு இல்ல கண்ணு. அஞ்சுல வெச்சா வேகமா எரியும், மூணுல வெச்சா மெதுவா எரியும்னு ஒண்ணும் கிடையாது. ரூம் எவ்வளவு சூடானா போதும்னு சொல்றதுதான் அந்த நம்பர்." வால்வின் வெள்ளைத் தலையை விரலால் தட்டினார். "இதுக்குள்ள இருக்கிற மெழுகு சூடு பட்டா வீங்கும். வீங்கி ஊசிய அழுத்தும். சுடுதண்ணி வர்ற வழி அடைச்சுக்கும். ஆனா இதச் சுத்தி இருக்கிற காத்து எப்படியோ, அது மட்டும்தான் இதுக்குத் தெரியும். உன் கர்ட்டனுக்குப் பின்னால ஜூலை மாச வெயில். ஊரே ஜூலைன்னு நினைச்சு இது கடையச் சாத்திடுச்சு. அந்தக் கட்டில்ல படுக்கிறவளுக்கு ஜனவரிக் குளிர்."

"அப்போ அவ சொன்னது நிஜமா?"

"துணிய இப்படித் தூக்கி ஜன்னல் திண்டுல போடு. ஒரு மணி நேரம் கழிச்சு நீயே வந்து பாரு."

ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்த எனக்கு ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியிருந்தது. நான் பாசமாகத் தைத்த துணியே அவளைக் குளிரில் போட்டிருக்கிறது. வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. குளிர் போய்விட்டதென்றால் அவளும் போக வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டேன். சின்னப் பிள்ளை மாதிரி மாடிக்கும் கீழுக்கும் ஓடினேன்.

லோர்னா வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றவிடாமல் மேலே இழுத்துப் போய், டெஸ்மண்ட் சொன்னது அத்தனையும் சொன்னேன். "நீ சொன்னது சரி. தப்பு என் கர்ட்டன்ல" என்றேன். அறுபத்தோரு வயதில் நான் ஒப்புக்கொண்ட முதல் தப்பு அதுவாக இருக்கலாம்.

அவள் சூட்டைப் பார்ப்பதுபோல் கையை நீட்டினாள். பிறகு சொன்னாள்: "கர்ட்டன்தான்னு எனக்கு நவம்பர்லயே தெரியும்."

"தெரியுமா? அப்புறம் ஏன்டி சொல்லல?"

"பகல்ல நானே தூக்கிவிட்டுட்டுத்தான் தூங்குவேன். எழுந்ததும் இறக்கிவிட்டுடுவேன், உன் மனசு கஷ்டப்படக்கூடாதுன்னு."

"அப்போ குளிருதுன்னு சொன்னது?"

"ராத்திரியெல்லாம் ஈரப்போர்வையோட மல்லுக்கட்டிட்டு வர்றேன். வந்து பாத்தா அது மூணுல இருக்கும். தினமும். நான் இல்லாத நேரத்துல என் ரூமுக்குள்ள வந்து திருப்பியிருப்பே." அவள் குரல் உயரவே இல்லை. "என் வீட்லயும் அவர் இப்படித்தான் ஹிலரி. சண்டை போட மாட்டார். நான் வெச்சதை எல்லாம் வெச்ச இடத்துலேர்ந்து மாத்தி வைப்பார். அத எப்படி உன்கிட்ட சொல்றது? குளிருதுன்னு சொல்றது சுலபமா இருந்துச்சு."

சூடு வீணாகிறதே என்றுதான் திருப்பினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அது உண்மையும்கூட. சொல்லவில்லை.

"இனிமே நீ கூப்பிடாம இந்த ரூமுக்குள்ள வரமாட்டேன்" என்றேன். "பிரிக்ஹவுஸுக்குப் போகணும்னா போ. ஆனா நீ இங்க இருந்தா எனக்கு நல்லா இருக்கும்."

சொல்லிவிட்டு, அழைக்காத அறையில் நிற்கிறோமே என்று உறைத்து, நாலடி பின்னால் போய் வாசற்படிக்கு வெளியே நின்றேன்.

லோர்னா அதைப் பார்த்தாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அறை நன்றாகச் சூடேறியிருந்தது, அவள் நெற்றியில் லேசாக வேர்வை. கோட்டின் மேல் பட்டனைக் கழற்றினாள். அடுத்ததைக் கழற்றினாள். மூன்றாவது பட்டனில் கையை வைத்துக்கொண்டு, போவதா இருப்பதா என்று யோசிப்பவள்போல, வாசலில் நிற்கிற என்னை நிமிர்ந்து பார்த்தாள்.