கனடாவில் கேட்டு ஒட்டிய கதவு

மாத்தளையில் மிளகும் கிராம்பும் வாங்கி விற்கும் இந்திரகுமார், ஒரு மிளகைப் பல்லிடுக்கில் நசுக்கிப் பார்த்தே அதன் ஈரத்தைச் சொல்லிவிடுவான். அந்த ஒரு விஷயத்தில் அவன் யாரையும் கேட்பதில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் கனடாவைக் கேட்பான். கனடா என்றால் டொரண்டோவில் இருக்கும் பெரியப்பா மகன் திலீபன். ஃபிரிட்ஜ் வாங்கவும் கேட்டான், கிணற்றுக்கு மோட்டர் போடவும் கேட்டான். மகளுக்குப் பெயர்கூட அங்கிருந்துதான் வந்தது.

அவன் மனைவி சிவநந்தினிக்கு இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, சாக்லேட் தொழிலில் இறங்கும்வரை.

பொருளாதார நெருக்கடி வந்த வருடம் காரை விற்றார்கள். ரோட்டோரம் தனியாக நின்ற கராஜ் காலியானது. அதைக் கழுவி, மேசை போட்டு, சின்னதாய் ஒரு ஏசியும் மாட்டி, பல்லேபொலயிலிருந்து வரும் கொக்கோவில் மிளகும் கறுவாப்பட்டையும் சேர்த்துச் சாக்லேட் செய்யத் தொடங்கினாள். சீகிரியாவில் ஒரு ஹோட்டல் சாம்பிள் கேட்டது. அனுப்பினாள். அது கரண்டியால் அள்ளிச் சாப்பிடும் பதத்தில் போய்ச் சேர்ந்தது. குற்றம் கராஜின் ஒரே கதவில். மேற்குப் பார்த்த தகர ஷட்டர் அது. மத்தியானத்துக்கு மேல் கை வைக்க முடியாது. ஏசி எவ்வளவு முக்கினாலும் அந்தச் சூட்டுக்கு முன்னால் எடுபடவில்லை.

ஹோட்டல்காரர்கள் பெரிய மனது பண்ணி இன்னொரு வாய்ப்புத் தந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு வேன் வரும், நாற்பது பெட்டி வேண்டும், இறுகிய சாக்லேட்டாக. இல்லையென்றால் பழைய கொழும்புக் கம்பெனியே போதும் என்றுவிடுவார்கள். சிவநந்தினிக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை.

கதவுக்குச் சூடு தாங்கும்படி எதையாவது ஒட்ட வேண்டும் என்று இருவரும் ஹார்ட்வெயார் கடைக்குப் போனார்கள். அங்கே வேலை பார்க்கும் கிருஷாந்தினி முதலில் ஒரு கேள்வி கேட்டாள்.

"அங்கிள், இது சுருட்டுற கதவா, தூக்குற கதவா?"

"கதவுன்னா கதவுதான்" என்றான் இந்திரகுமார்.

"சுருட்டுறதுன்னா வெளியில வெள்ளை பெயின்ட் அடிச்சிருங்க. உள்ள, கதவுக்கு ஒரு அடி தள்ளி, இந்த வெள்ளித்தாள் ஷீட்டைத் திரை மாதிரி தொங்க விடுங்க. வேணும்னா ஒதுக்கிக்கலாம்."

சிவநந்தினிக்கு அது சரியாகப் பட்டது. பர்ஸைத் திறந்தாள். இந்திரகுமார் அவளை வெளியே கூட்டி வந்துவிட்டான்.

"பெயின்ட் விக்கிற புள்ள கிட்டயா கேப்பாங்க? நாவுல டவுனத் தாண்டிப் போயிருக்குமா அது? அண்ணே வீட்டுக் கராஜ் மைனஸ் முப்பதுல நிக்கிது."

அன்று மாலையே திலீபன் போனில் வந்தார். "தம்பி, இருக்கிறதுலயே தடிச்ச ரெஜிபோமப் போடு. நான் ரெண்டு இஞ்ச் தடிப்புல போட்டேன். வெளியில பனி கொட்டுது, நான் உள்ள பெனியனோட நிக்கிறேன்." குளிரைத் தடுப்பது சூட்டையும் தடுக்கும்தானே என்று இந்திரகுமார் விளக்கினான். அதில் பிழை இல்லை. அதனால்தான் சிவநந்தினியால் மறுத்துப் பேச முடியாமல் போனது.

வியாழன் காலை, நல்ல நேரம் பார்த்து, சாக்லேட் பெட்டிகளை உள்ளே அடுக்கி, ஷட்டரை இழுத்து மூடினார்கள். வெளிப்பக்கம் முழுக்க இரண்டு இஞ்ச் தடிப்பில் ரெஜிபோம், அதாவது தெர்மோகோல், பலகை ஒட்டினான் இந்திரகுமார். ஒட்டிய பசை யானையைக் கட்டிப்போடும். படம் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டான். ஐந்து நாடுகளிலிருந்து கைதட்டல் வந்தது.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வேன்காரன் பஸ்லி ஹோர்ன் அடித்தான். இந்திரகுமார் ஷட்டரைத் தூக்கினான். நாலு விரல் உயரம் வந்தது. அதற்கு மேல் அசையவில்லை. மேலே சுருள வேண்டிய தகரம், முதுகில் பலகையைச் சுமந்துகொண்டு எப்படிச் சுருளும்? பஸ்லியும் சேர்ந்து தூக்கினான். ஒன்றும் நடக்கவில்லை.

கீழ் இடுக்கிலிருந்து சிவநந்தினியின் கால் விரல்களில் சில்லென்று காற்று பட்டது. உள்ளே அருமையான குளிர். நாற்பது பெட்டியும் கல்லாக இருக்கும். ஒன்றைக்கூட வெளியே எடுக்க முடியாது.

"அக்கா, எட்டரைக்கு நான் அங்க நிக்கணும்" என்றான் பஸ்லி.

"ரெண்டு நிமிஷம்" என்று இந்திரகுமார் கனடாவுக்கு வீடியோ கோல் போட்டான். திலீபன் ஏதோ பிறந்தநாள் பார்ட்டியில் இருந்தார். கதவைப் பார்த்துவிட்டு வாய் பிளந்தார்.

"அடேய், இது சுருட்டுற கதவா? எங்க வீட்டுக் கதவு பலகை பலகையா மேல ஏறுமேடா! நீ சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கலையே அண்ணே."

"சரி, இரு. இங்க ஒரு வெள்ளைக்காரர் இருக்காரு. கேட்டுச் சொல்றேன்."

சிவநந்தினி அந்த வெள்ளைக்காரருக்காகக் காத்திருக்கவில்லை. குசினிக்குள் போய்த் தேங்காய் வெட்டும் கத்தியோடு வந்தாள்.

"நந்தினி, வேணாம்! அண்ணே ஒரு வார்த்தை சொல்லட்டும்..."

முதல் வெட்டு நடுப்பலகையில் விழுந்தது. அப்புறம் நிறுத்தவே இல்லை. வெட்டினாள், பிய்த்தாள், சுரண்டினாள். பஸ்லி வேனிலிருந்து லீவரை எடுத்து வந்து மறுபக்கம் நெம்பினான். ரெஜிபோம் மணிகள் பறந்து முற்றம், செவ்வரத்தைச் செடி, இந்திரகுமாரின் தலை எல்லாவற்றையும் மூடின. கனடாவில் கொட்ட வேண்டிய பனி மாத்தளையில் கொட்டியது. பத்தொன்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் அவளுக்கு இவ்வளவு சந்தோஷமான காலை வாய்த்ததில்லை.

ஆறே முக்காலுக்கு ஷட்டர் கீச்சிட்டுக்கொண்டு சுருண்டது. பெட்டிகள் வேனில் ஏறின. ஒன்றைத் திறந்து பார்த்தாள். உடைத்தால் டக்கென்று சத்தம் வந்தது. பின்னால் இந்திரகுமாரின் குரல் கேட்டது.

"அண்ணே, உங்க ஐடியா சூப்பர். ஒண்ணுகூட உருகல!"

பேசி முடித்துவிட்டு, சட்டையைத் தட்டிக்கொண்டு, வேனின் முன்சீட்டில் ஏறப் போனான். ஹோட்டலில் பேசுவதற்கு ஆம்பிளை ஒருவர் வேண்டாமா?

"எறங்குங்க" என்றாள் சிவநந்தினி. "அவங்க ஏதாச்சும் கேட்டா நீங்க கனடாவுக்குத்தான் கோல் போடுவீங்க. நான் போறேன்."

"அப்ப நான்?"

"இந்தக் குப்பையக் கூட்டுங்க."

ஏறிக் கதவை அடித்துச் சாத்தினாள். வேன் நாவுலப் பக்கம் திரும்பும்போது பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். இந்திரகுமார் முற்றத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் விளக்குமாறு, மறு கையில் போன். போன்தான் காதில் இருந்தது.