கராம்பு வைத்த பல்

1

இந்தக் கதை என் கடைவாய்ப் பல்லிலிருந்து வந்தது. பதுளையில், பசறை ரோட்டில் இருக்கும் அந்தோனிமுத்து டொக்டரின் பல் கிளினிக்கில், ஊசி போட்டுப் பாதி வாய் மரத்துப்போய்க் கதிரையில் மல்லாந்து கிடந்தேன். அப்போது கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நடந்தது இது. ஒட்டுக்கேட்டவன் என்று திட்டுவீர்களோ? தாராளமாகத் திட்டுங்கள். எச்சிலைக்கூட ஒழுங்காக விழுங்க முடியாதவன் வேறு என்னதான் செய்வான்?

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், இளம் பல் மருத்துவரான கேஷானி..." அடித்துவிட்டேன். அன்றைக்குப் பனியும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. மண்டையைப் பிளக்கிற வெயில்.

"மலைநாட்டின் வளர்ச்சிப் பாதையில் ஆய்வு வளாகங்களின் பங்கு..." சீ, இது பள்ளிக்கூடக் கட்டுரை.

ஆனால் வளாகத்தைப் பற்றிச் சொல்லாமல் தீராது. ஊருக்கு மேலே மலையில் புதிதாக வந்தது. தேயிலை ஆய்வுகூடம், ஏற்றுமதிக் கம்பனிகள், கம்ப்யூட்டர் ஆபீஸ்கள் எல்லாம் ஒரே மதிலுக்குள். சனங்கள் 'ஹப்' என்பார்கள். அங்கே வேலை செய்கிறவர்களின் பல்லெல்லாம் இந்தக் கிளினிக்கின் பொறுப்பு என்று ஓர் ஒப்பந்தம். அந்தோனிமுத்துவும், அவரைப் போலவே பல் டொக்டரான மகள் கேஷானியும் பிழைப்பது அந்த ஒப்பந்தத்தில்தான். அடுத்த மாதம் அதைப் புதுப்பிக்க வேண்டும்.

2

கிளினிக்கில் இரண்டு வழக்கம். ஹப் ஆட்கள் மகளிடம் போவார்கள். அங்கே முதலில் கேள்வி, பிறகு எக்ஸ்ரே, அதற்குப் பிறகுதான் கை வைப்பது. தேயிலைத் தோட்டத்து ஆட்கள் அப்பாவிடம். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தால் அவர் பேர்கூடக் கேட்கமாட்டார். கராம்பு எண்ணெயில் பஞ்சைத் தோய்த்துப் பல்லில் வைத்துவிட்டுத்தான் மறுபேச்சு. வலியோடு நிற்கிறவனிடம் என்ன விசாரணை என்று மகளையே அதட்டுவார். அவரும் தெமோதரைப் பக்கம் ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்தவர்.

(இந்த இடத்தில் அவரைத் தியாகியாக்க என் கை துறுதுறுத்தது. வேண்டாம். முன்கோபக்காரர். "வாயத் தெறய்யா, கதை அப்புறம்" என்று முன்பொரு தடவை என்னையே விரட்டியவர்.)

3

சிவசக்தி வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். பருத்திச் சுடிதார், றப்பர் செருப்பு. கன்னம் வீங்கியிருந்தது. தாங்க முடியலீங்க ஐயா என்றாள். அந்தத் தோட்டத்துப் பேச்சைக் கேட்டதுமே அந்தோனிமுத்து அவளைத் தன் கதிரைக்கு அழைத்துப்போனார். பஞ்சு வைத்தாயிற்று. வலியும் அடங்கிற்று. அவர் கை கழுவ உள்ளே போனார்.

கேஷானி எனக்கு ஊசி போட்டுவிட்டு, மரக்கட்டும் என்று அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அந்தப் பெண் தொட்டியில் குனிந்து வாய் கொப்பளித்தாள். துப்பினாள். மறுபடி கொப்பளித்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

இன்னும் வலிக்கிறதா என்று கேட்டாள் கேஷானி. இல்லை என்றாள். பிறகு ஏன் இந்த அழுகை? கொஞ்சங்கொஞ்சமாகத்தான் வந்தது. ஹப்பில் தேயிலை ருசி பார்க்கும் பிரிவில் அவள் பயிற்சிக்கு இருக்கிறாள். அம்மா இன்னும் பசறைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். இன்றைக்குப் பகல் இரண்டு மணிக்குக் கடைசிப் பரீட்சை. கொழும்பிலிருந்து வந்தவர்கள் முன்னால் கோப்பை கோப்பையாக உறிஞ்சித் துப்பி, எது எந்த மலைத் தேயிலை, எதில் என்ன பழுது என்று சொல்ல வேண்டும். சொன்னால் நிரந்தர வேலை. இல்லாவிட்டால் இன்றோடு வெளியே.

வாயிலோ கராம்பு. பொழுது சாயும் வரைக்கும் போகாது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.*

* நானும்தான் அவள் செருப்பைச் சொன்னேனே ஒழிய, வேலையைச் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

வைக்கும்போதே சொல்லியிருக்கலாமே என்றாள் கேஷானி.

"எப்புடிங்க டொக்டரம்மா? பெரியவரு பெத்த தாய் மாதிரி கன்னத்தத் தாங்கிப் புடிச்சு வச்சாரு. வாய மூடுன்னாரு, மூடிட்டேன். அவருகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க, மனசு ஒடிஞ்சு போயிரும்."

கேஷானி அப்பா போன பக்கம் திரும்பி ஒரு முறை முறைத்தாள்.

4

கேஷானி அப்போது என்ன நினைத்தாள்? தடுப்புக்கு இந்தப் பக்கம் கிடந்தவனுக்கு எப்படித் தெரியும்? இந்தப் பகுதி முழுக்க என் கைச்சரக்குத்தான்.

பஞ்சை எடுத்தால் வலி திரும்பும், வாடை போகாது. ஊசி போட்டால் நாக்கே மரத்துவிடும். ருசிப் பிரிவுக்குப் பொறுப்பான ஷப்ராஸிடம் பரீட்சையைத் தள்ளிப்போடக் கேட்கலாம். ஏன் என்பார். என்ன வேலை என்றுகூடக் கேட்காமல் எங்கள் ஆளின் வாயைக் கெடுத்த கிளினிக்கா என்பார். ஒப்பந்தம் போகும். அந்தப் பெண் வீட்டிலேயே கராம்பு வைத்துக்கொண்டு வந்தாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கிளினிக் தப்பும். அவளும் மறுத்துப் பேசமாட்டாள். கேஷானிக்குப் பயமே அதுதான். அவள் நிச்சயமாக மறுத்துப் பேசமாட்டாள்.

(ஒரு முடிவு: கராம்பு வாயோடு போயும் சிவசக்தி அத்தனை கோப்பையையும் சரியாகச் சொல்லிவிடுகிறாள், கொழும்புக்காரர்கள் எழுந்து நின்று... எழுதும்போது இனித்தது. கிழித்தேன். கதை எழுதுகிறவனுக்கு இரங்கிக் கராம்பு காரத்தைக் குறைத்துக்கொள்ளாது.

இன்னொன்று: கேஷானி அந்தப் பொய்யைச் சொல்லிவிடுகிறாள், பிறகு காலமெல்லாம்... வேண்டாம், இதற்கும் எனக்கு மனசில்லை.)

5

நடந்தது இது. கேஷானி ஷப்ராஸுக்குப் போன் எடுத்தாள். இந்த முனைப் பேச்சு மட்டும் எனக்குக் கேட்டது.

முதலில் விஷயத்தைச் சொன்னாள். பிறகு, இல்லை சேர், வீட்டில் வைக்கவில்லை, இங்கேதான் என்றாள். பிறகு, என்ன வேலை என்று கேட்கவில்லை சேர் என்றாள். பிறகு, "வச்சது யாருன்னா..." என்று தொடங்கி அப்படியே நின்றுவிட்டாள். சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை.

துவாயும் கையுமாக அந்தோனிமுத்து வந்தார். தொட்டியைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். என்ன என்று அதட்டினார். சிவசக்தி மறுபடி தொட்டியில் குனிந்துகொண்டாள். கேஷானிதான் போனைக் கையால் பொத்திக்கொண்டு, பரீட்சையையும் கராம்பையும் இரண்டே வார்த்தையில் சொன்னாள். அவர் போனை வாங்கிக்கொண்டார்.

"அந்தோனிமுத்து பேசுறேன். நாந்தான் வச்சேன். தோட்டத்துப் புள்ளன்னதும் என்ன வேலைன்னு கேக்கத் தோணல. கொழுந்து பறிக்கிற புள்ளதானேன்னு நெனச்சிட்டேன். நானே லயத்துல பொறந்தவன், எனக்கே தோணல." குரல் உடைந்தது. "ஒப்பந்தத்த என்ன வேணும்னாலும் பண்ணிக்குங்க. புள்ளைக்கு இன்னொரு நாள் குடுங்க."

6

ஷப்ராஸ் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும். பிறகு கேஷானியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனால் எழுதமாட்டேன். எழுதினால் ஷப்ராஸ் நல்லவர் என்றோ படுபாவி என்றோ ஒரு தீர்ப்பை எழுதிவிட்டு நீங்கள் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவீர்கள்.

அதனால் போனின் அந்த முனையை, ஷப்ராஸின் இடத்தை, உங்கள் கையில் தருகிறேன். மேசையில் கோப்பைகள் அடுக்கியாயிற்று. கொழும்பிலிருந்து வந்தவர்கள் உங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்குத் திரும்பிப் போகும் அவசரம். ஒரு பயிற்சிக்காரிக்காக இன்னொரு நாள் வாருங்கள் என்று நீங்கள்தான் அவர்களிடம் கேட்க வேண்டும். இந்த முனையில் மூன்று பேர் போனையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

சொல்லுங்க சேர்.