கவிழ்த்து வைத்த கார்டு

நானும் என் வீட்டுக்காரரும் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர்கள். மெமரி கார்டு விஷயத்தில் மட்டும் எங்களுக்கு ஏழாம் பொருத்தம். பெரிதாக ஒன்று வாங்கினால் போதும் என்பார் அவர். போனால் மொத்தமும் போய்விடும், சின்னதாக நாலு வாங்குங்கள் என்பேன் நான். அதில் நான்தான் ஜெயிப்பேன். ஆனால் படம் நிறைந்த கார்டை அவர் டப்பாவில் கவிழ்த்து வைப்பார். நான் காலி கார்டைத்தான் கவிழ்ப்பேன். ஆளுக்கொரு டப்பா இருந்ததால் ஏழு வருஷமாக வம்பில்லை.

வம்பு என் தங்கை கல்யாணத்தன்று வந்தது. கை நடுக்கத்தால் ஒரு வருஷமாகச் சீப்பையே தொடாத அம்மா, அன்று காலை அடம்பிடித்துத் தங்கைக்குத் தலைவாரிவிட்டாள். அதை ஒரு கார்டு நிறைய எடுத்தேன். வாசலில் விருந்தாளிகளை வரவேற்கக் கூப்பிட்டார்கள். அவசரத்தில் கார்டை என் வழக்கப்படி நிமிர்த்தி, அவர் டப்பாவில் வைத்துவிட்டு ஓடினேன்.

அரைமணி நேரத்தில் அவர் பேயறைந்த முகத்துடன் வந்தார்.

"காலி கார்டுன்னு நெனச்சு ஃபார்மட் பண்ணி அழிச்சுட்டேன். மூணு படம் எடுத்தப்புறம்தான், என் கார்டெல்லாம் டப்பாவுலயே இருக்கறதப் பாத்து, அது உன்னோடதுன்னு தெரிஞ்சுது."

சுற்றிலும் சொந்தக்காரர்கள். சிரித்த முகத்தோடு பல்லைக் கடித்தேன். "அம்மா தலைவாரினது அதுலதான் இருக்கு. அதுக்கப்புறம் ஏதாவது எடுத்தீங்களா?"

"இல்ல. உடனே கழட்டிட்டேன்."

அந்த ஒரு புண்ணியத்தைச் செய்திருந்தார். ஃபார்மட் செய்தாலும், மேலே வேறு படம் பதியாதவரை பழையது உள்ளேயே கிடக்கும். கார்டை வாங்கி என் பர்ஸில் பத்திரப்படுத்தினேன்.

மறுநாள் காலை கம்ப்யூட்டரில் கார்டைப் போட்டு, அழிந்ததை மீட்கும் மென்பொருளை ஓடவிட்டோம். ஒவ்வொன்றாக வந்தன. தங்கையின் பின்னல், அம்மாவின் விரல்கள், கண்ணாடியில் இருவர் சிரிப்பும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா சீப்பைக் கையில் எடுத்த முதல் மூன்று படங்கள் மட்டும் வரவில்லை. அவர் எடுத்த மூன்றும் அந்த இடத்தில்தான் பதிந்திருந்தன.

"அப்படி என்னத்த எடுத்துக் கிழிச்சீங்க?" என்று அந்த மூன்றையும் திறந்தேன்.

மூன்றிலும், வாசலில் நான் யாரையோ பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் அம்மா. என் காதோரம் கலைந்த முடியை நடுங்கும் கையால் ஒதுக்கிவிடுகிறாள். எனக்கு அது ஞாபகமே இல்லை. ஏழு வருஷமாக ஊரார் கல்யாணத்தையெல்லாம் எடுத்தவளுக்கு, என் கல்யாணத்துக்குப் பிறகு அம்மாவோடு இருக்கும் படம் இதுதான் முதல்.

"இன்னும் கோவமா?" என்றார்.

"இத பெருசா பிரிண்ட் போடுங்க. இனிமே நானும் நெறஞ்ச கார்டையே கவுத்து வெக்கிறேன்."