டிக் போட்ட வாக்கியங்கள்

"நீ ஏன் பள்ளிக்கூடத்தை விட்டே?" என்று அண்ணி கேட்டாள்.

கல்யாணமாகி அவள் எங்கள் வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் அது. நான் முன்னறையில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். தையல் கம்பெனியிலிருந்து மூட்டை மூட்டையாகச் சட்டைகள் வரும். தையல் முடிகிற இடத்திலெல்லாம் நூல் நுனி நீட்டிக்கொண்டிருக்கும். துணியில் படாமல் சின்னக் கத்தரியால் அதை வெட்டி, மடித்து, கட்டிக் கொடுக்க வேண்டும். அண்ணி யாரையும் கேட்காமல் இன்னொரு கத்தரியை எடுத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஒரு காலரைத் திருப்பிப் பார்த்தேன். பிறகு அடுத்த காலரை.

"சரி, விடு வாயாடி. நீ பேசிப் பேசி என் காதே வலிக்குது" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு வாயாடி என்றே பெயர்.

ஒன்றரை மாதத்தில் அண்ணன் வெளிநாட்டுக்குத் திரும்பிவிட்டான். அங்கே ஒரு குளிர்பதனக் கிடங்கில் அவனுக்கு வேலை. அண்ணி அவனிடம் போய்ச் சேர வேண்டுமானால் ஆரம்பநிலை ஆங்கிலத்தில் தேற வேண்டும். விசா அலுவலகத்தில் ஓர் அதிகாரி பத்து நிமிடம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார். வீடு, குடும்பம், அன்றாட வேலை இவற்றைப் பற்றித்தான். பதில் சொன்னால் போதும். ஆனால் அண்ணி ஐந்தாவதோடு நின்றவள்.

ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு டீச்சர் வாரம் மூன்று நாள் வகுப்பு எடுத்தார். அண்ணி அதில் சேர்ந்தாள். மெல்லிய புத்தகம் ஒன்று கொடுத்தார்கள். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் கோடிட்ட இடங்கள், கேள்விகள், 'உன்னைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுது' என்று ஒரு கட்டம்.

அந்தப் புத்தகம் வீட்டுக்கு வந்த நாளில் நான் செய்ததை யாரிடமும் சொல்லவில்லை. மத்தியானம் அண்ணி தூங்கும்போது அதை எடுத்து, என் நோட்டில் முதல் பாடத்துப் பயிற்சியை எல்லாம் செய்தேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அப்படி நானாகவே எழுதிய பதினோரு நோட்டுகள் என்னிடம் இருந்தன. சட்டை மூட்டை வரும் சாக்குகளை மடித்து அடுக்கியிருக்கும் இடத்துக்கு அடியில் வைத்திருந்தேன். அப்பா அந்தப் பக்கமே வரமாட்டார். அவர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறவர். ஒரு நாளைக்கு நூறு தடவை மேலே போய், நூறு தடவை கீழே வந்து, வீட்டுக்கு வந்ததும் நாற்காலியைவிட்டு அசைய மாட்டார்.

ஒருநாள் அண்ணி வீட்டுப்பாட நோட்டை என் மடியில் போட்டாள்.

"ஒன்பதாவது வரைக்கும் படிச்சவதானே? போட்டுக் குடு. பேனாவப் புடிச்சாலே எனக்கு விரல் இழுத்துக்குது. நான் உன் பங்குச் சட்டையையும் சேத்து வெட்டறேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் என் நோட்டில் எழுதிப் பார்ப்பேன். பிறகு அண்ணியின் நோட்டில் அவள் எழுத்து மாதிரியே கொஞ்சம் கோணலாக எழுதுவேன். டீச்சர் சிவப்புப் பேனாவால் டிக் போட்டு அனுப்புவார். அண்ணி அதைக் கொண்டுவந்து காட்டுவாள்.

"பாருடி, பக்கம் பூரா டிக்கு. என்னை எழுப்பி நிக்க வச்சு மத்தவங்களக் கை தட்டச் சொன்னாங்க. எனக்குக் கூச்சமாப் போச்சு. உனக்காக நான் கூச்சப்பட்டேன்."

அண்ணி யார், என்ன வேலை செய்கிறாள், எத்தனை மணிக்கு எழுகிறாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அந்தப் பாடங்கள் சுலபமாகப் போயின. கடந்த காலப் பாடம் வந்தபோதுதான் சிக்கல். 'உன் சின்ன வயதில் ஒருநாள் என்ன நடந்தது? ஐந்து வாக்கியம் எழுது.' அண்ணியின் சின்ன வயதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்டிருக்கலாம். நான்கடி தூரத்தில் உட்கார்ந்து பட்டன் துளையில் நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். கேட்க வாய் வரவில்லை.

அதனால் என் கதையை எழுதினேன். என் அம்மா இறந்த நாளைப் பற்றி ஐந்து வாக்கியம். பயிற்சி என்று மேலே போட்டுவிட்டால் எதை வேண்டுமானாலும் எழுதலாம், உண்மையா என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன். டீச்சரும் கேட்கவில்லை. ஐந்துக்கும் டிக் போட்டார். ஓரத்தில் 'மிக நன்று' என்று வேறு.

நேர்காணலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அண்ணி ஒரு வழி கண்டுபிடித்தாள். டிக் போட்ட வாக்கியங்களை எல்லாம் அப்படியே மனப்பாடம் செய்வது.

"டீச்சரே சரின்னு சொன்னது. அதுக்கு மேல என்ன வேணும்?"

பாத்திரம் தேய்க்கும்போது, சட்டை மடிக்கும்போது, கொடியில் துணி போடும்போது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். ஒருநாள் அந்த ஐந்து வாக்கியங்களும் வந்தன. "மை மதர் வாஸ் வெரி இல்..." என்று ராகம் போட்டு, துணியை உதறிக்கொண்டே சொன்னாள். என் வாயிலிருந்து நான்கு வருடமாக வராதது வேறொருத்தி வாயிலிருந்து வந்தது. கத்தரியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். இது உங்கள் கதை இல்லை அண்ணி, இதை விட்டுவிடுங்கள் என்று சொன்னால் அர்த்தத்தையும் சொல்ல வேண்டும். அதிகாரி இதையா கேட்கப்போகிறார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

நேர்காணல் நாளன்று அண்ணி காலையிலிருந்து வாயே திறக்கவில்லை. அப்பா "பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கா?" என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினாள். என்னைப் பார்த்து உதட்டின் மேல் விரலை வைத்து, திறந்தால் எல்லாம் கொட்டிவிடும் என்று கையால் ஜாடை காட்டினாள். சிரித்துக்கொண்டே படி இறங்கினாள்.

சாயங்காலம் வந்தவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"டாண் டாண்ணு சொன்னேன்டி! அம்மாவப் பத்திக் கேட்டாரு. சும்மா விடுவேனா? டிக்கு போட்ட பக்கத்த அப்படியே ஒப்பிச்சேன். அந்த ஆளு எழுதறத நிறுத்திட்டு என்னையே பாத்தாரு."

"எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"அதான், மிக நன்று போட்ட பக்கம்."

பன்னிரண்டு நாள் அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு சட்டை வெட்டினேன். இரண்டு சட்டையில் துணியையே வெட்டிவிட்டேன். பதிமூன்றாம் நாள் கடிதம் வந்தது. அப்பா அதைப் படம் எடுத்து அனுப்ப, அண்ணன் போனில் படித்துச் சொன்னான். விண்ணப்பத்தில் தாய் உயிரோடு இருப்பதாக எழுதி, அவருடைய கையெழுத்தும் வாங்கப்பட்டிருக்கிறது. நேர்காணலில் தாய் இறந்துவிட்டதாக விண்ணப்பதாரரே கூறியிருக்கிறார். பதினைந்து நாளுக்குள் எழுத்தில் விளக்கம் தராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. பொய்த் தகவல் என்று முடிவானால் ஐந்து வருடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது.

"இருக்கிற அம்மாவ ஏன் செத்துட்டாங்கன்னு சொன்னே? புத்தி பேதலிச்சுப் போச்சா?" என்று அண்ணன் கத்தினான்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லீங்க" என்றாள் அண்ணி. அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. போன் அணைந்த பிறகும் அதைக் காதிலேயே வைத்திருந்தாள்.

மறுநாள் அவள் அம்மா வந்துவிட்டார். பஸ் டிப்போவில் வண்டி கழுவுகிறவர். வேலையிலிருந்து நேரே வந்ததில் புடவை ஓரமெல்லாம் ஈரம்.

"என்னைக் கொன்னுட்டியாமே?" என்று வாசலிலேயே கேட்டார். "காலையில ஆறு வண்டி கழுவிட்டு வர்றேன். செத்தவளுக்கு அவ்வளவு வேலை குடுக்கறாங்க பாரு."

"அம்மா, சத்தியமா நான் சொல்லல."

"பயத்துல உளறியிருப்பா சம்பந்தி. விடுங்க" என்றார் அப்பா.

"உளறினான்னு எழுதினா நம்புவாங்களா?" என்று கேட்டார் அண்ணியின் அம்மா.

பிறகு அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமான குரலில் சொன்னார்:

"அப்ப ஒண்ணு செய்ங்க. நான் செத்துட்டேன்னே எழுதிக் குடுத்துடுங்க. கையெழுத்து அதுக்கு முன்னாடி போட்டதுன்னு சொல்லுங்க. எம்பொண்ணு புருஷன்கிட்டப் போனாப் போதும். எனக்கென்ன, பேப்பர்லதானே?"

அண்ணி அழ ஆரம்பித்தாள். நான் எழுந்து போய்ச் சாக்குகளைத் தள்ளினேன். நோட்டுகள் சரிந்து விழுந்தன. கடைசி நோட்டை எடுத்துக்கொண்டு வந்து அவர்கள் நடுவில் நின்றேன்.

"நான் எழுதினது" என்றேன். "எங்கம்மாவப் பத்தி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணி மூக்கை உறிஞ்சினாள்.

"படி" என்றாள். "தமிழ்ல சொல்லு."

நான் படித்தேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் பார்த்து, தமிழில் சொன்னேன்.

என் அம்மா மிகவும் நோயுற்றிருந்தார். இன்று பள்ளிக்கூடத்துக்குப் போகாதே என்று என்னிடம் சொன்னார். அன்று ஆங்கிலப் பரீட்சை, நான் போனேன். நான் திரும்பி வந்தபோது அவர் இறந்துவிட்டிருந்தார். அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். படிப்பு ஏறாததால் நின்றுவிட்டாள் என்றுதான் இத்தனை வருடமும் எல்லோரிடமும் சொல்லிவந்திருந்தார். எங்கே போவது என்று தெரியாதவர் மாதிரி நின்று, மறுபடி உட்கார்ந்தார்.

"இத ஏம்மா இங்கிலீஷ்ல எழுதினே?" என்று கேட்டார் அண்ணியின் அம்மா. அவர் கோபமாகக் கேட்கவில்லை.

அண்ணி நோட்டை என் கையிலிருந்து வாங்கினாள். என் எழுத்தையும் அவள் நோட்டில் நான் கோணலாக்கிய எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அன்னிக்கு நான் கேட்டப்பவே இதச் சொல்லியிருந்தா..." என்றாள்.

விளக்கத்தை நானே எழுதினேன். டீச்சர் ஆங்கிலத்தில் எழுதித் தருவதாகச் சொன்னார், அப்பா வேண்டாம் என்றுவிட்டார். "அவளே எழுதட்டும். அவளுக்குத் தெரியும்." வீட்டுப்பாடத்தை எழுதியது நான், அந்த ஐந்து வாக்கியமும் என்னுடையவை, அண்ணிக்கு அவற்றின் பொருள் தெரியாது, அவருடைய தாய் உயிரோடு இருக்கிறார். அடியில் என் பெயரைப் போட்டேன். ஆதாரமாக இரண்டு நோட்டுகளையும் சேர்த்து அனுப்ப வேண்டியிருந்தது. என் நோட்டில் வேறு விஷயங்களும் இருந்தன. அந்தப் பக்கங்களைக் கிழித்தால் சந்தேகப்படுவார்கள் என்று அப்படியே உறைக்குள் போட்டேன். யாரோ ஓர் அதிகாரி அவற்றைப் படித்திருப்பார்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது, ஆனால் நேர்காணலை மறுபடி நடத்துவோம் என்றார்கள். அதுதான் கடைசி வாய்ப்பு. நோட்டுகள் திரும்பி வரவில்லை.

அண்ணி புது நோட்டு வாங்கினாள். என்னிடம் அதைத் தரவில்லை. அடுப்பங்கரை வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, விரல் இழுக்க இழுக்க, தானே எழுதினாள். சில பக்கங்களில் டிக்கைவிடப் பெருக்கல் குறிதான் அதிகம் என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. என்னோடு பேசாமல் இல்லை. உப்பு எங்கே, மூட்டைக்காரர் வந்தாரா, துணியை எடு என்று பேசினாள். வாயாடி என்று மட்டும் கூப்பிடவில்லை. நானும் என் பங்குச் சட்டைகளை நானே வெட்டினேன்.

இரண்டாவது நேர்காணல் நாள் விடிந்தது. அண்ணி குளித்து, முதல் தடவை கட்டிக்கொண்டு போன நீலப் புடவையையே கட்டிக்கொண்டு, ஃபைலை எடுத்தாள். இந்தத் தடவை அவள் எதையும் முணுமுணுக்கவில்லை. வாயைத் திறந்தால் கொட்டிவிட மனப்பாடம் என்று ஒன்றும் இல்லை. சொந்த வாக்கியங்கள், எத்தனை இருந்தனவோ அத்தனைதான்.

நான் வாசலோரம் சட்டை மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். செருப்பு மாட்ட அவள் சுவரைப் பிடித்தபோது, ரவிக்கைக் கை மடிப்பிலிருந்து ஒரு நூல் நுனி நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கத்தரியோடு எழுந்தேன். அவள் என் கையைப் பார்த்தாள், பிறகு நூலைப் பார்த்தாள். தன் கையைக் கொஞ்சம் முன்னால் நீட்டி அசையாமல் நின்றாள்.

துணியில் படாமல் வெட்டினேன்.

நல்லபடியாகச் சொல்லுங்கள் அண்ணி என்று சொல்ல நினைத்தேன். அது தொண்டையைத் தாண்டுவதற்குள் அவள் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, படி இறங்கிப் போனாள்.