ஹேசியின் கால் ஆண்ட ஊர்

ஹேசியின் இடது கால் கடவுளாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து ராஜா செத்துப்போனார். செத்தார் என்று சொல்லக்கூடாது, பருந்தாகி வானத்துக்குப் பறந்தார் என்றுதான் சொல்ல வேண்டும் என்று அரண்மனை ஆள் ஊர் ஊராக வந்து சொல்லிவிட்டுப் போனான். பறந்து போனவரை எதற்கு உப்பில் ஊறப்போட்டு வைத்திருக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் உள்ளங்காலில் பனைமட்டை விளையாடும்.

கால் கடவுளானதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஹேசி படகு இழுக்கிறவன். காற்று விழுந்த நாட்களில் ராஜாவின் படகைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுக்கும் கூட்டத்தில் ஒருத்தன். அவன் ஊர்த் துறையில் இறங்கும்போது ராஜாவுக்குக் கால் வழுக்கியது. கையிலிருந்த கோல் ஹேசியின் இடது முழங்காலுக்குக் கீழே நச்சென்று பட்டது. அந்தக் கோல் பட்டவன் நின்ற இடத்திலேயே கருகிப்போவான் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ராஜாவே பயந்துபோய், குனிந்து காலைப் பார்த்து, "நல்லா இரு" என்றார். சொன்னது ராஜா, அதனால் கால் நன்றாக இருந்தது. மற்ற உடம்பைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து அந்தக் கால் ரொட்டி சுடும் அடுப்பு மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. ஈ உட்காராது, சேறு ஒட்டாது. ஹேசிக்குத் தலை நரைத்து, வலது முட்டி தேய்ந்தபோதும் இடது கால் கோல் பட்ட அன்றைய வயசிலேயே நின்றுவிட்டது. அவன் நடந்து போன வழியில் இடது பக்கம் மட்டும் அடிக்கு ஒரு கைப்பிடி பார்லி முளைத்தது. அரண்மனையிலிருந்து காலுக்கு எண்ணெயும் மெல்லிய துணியும் வாத்துக்கறியும் வந்தன, கூடவே ஒரு பூசாரியும் வந்தான். கறியின் வாசனையைக் கால் எடுத்துக்கொள்ளும், கறியைப் பூசாரி எடுத்துக்கொள்வான். ஹேசிக்கும் அவன் பெண்டாட்டி நூபெத்துக்கும் எப்போதும்போல வெங்காயமும் கருவாடும்தான். கால்வாய் வெட்ட ஆள் பிடிக்க வந்தபோது, காலுக்கு விலக்கு உண்டு, மீதி ஆள் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஹேசி வலது காலில் நின்று சேறு அள்ளினான். இடது கால் மெத்தைமேல் கிடந்தது, பூசாரி அதற்கு விசிறினான். சாயங்காலம் ஊர் வழக்குகளைக் கால் தீர்த்து வைத்தது. கட்டைவிரல் தூக்கினால் ஜெயம், தூக்காவிட்டால் தோல்வி. ஒருதடவை ஹேசியின் மச்சானுக்கே தோல்வி. மச்சான் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். காலோடு அல்ல, ஹேசியோடு.

ராஜாவின் அடக்கத்துக்கு எல்லாம் தயாரானபோது, அடக்க வேலைகளுக்குத் தலைவனான மெஹூ படகில் வந்து இறங்கினான். ராஜாவின் சக்தி இருக்கிற கால் ராஜாவோடு கல்லறைக்குள் போக வேண்டும் என்றான். வெட்டி எடுத்துக்கொள்ளலாமா என்று ஹேசி தைரியமாகவே கேட்டான். கடவுள்மேல் கத்தி வைக்கிறதா என்று மெஹூ காதைப் பொத்திக்கொண்டான்.

"அப்ப நானும் உள்ள வரணுமாய்யா?"

"உன்ன யாருடா கூப்பிட்டா? கால் வருது. நீ அதுகூட ஒட்டிக்கிட்டு வர்ற."

நூபெத் மாவுக் கையோடு வெளியே வந்தாள். "வாத்துக்கறி காலுக்கு, வெங்காயம் எங்களுக்கு. சாவுல மட்டும் பங்கா? நல்லா இருக்குய்யா உங்க நியாயம்" என்றாள். மெஹூ படகைப் பார்த்து நடந்தான். பெரிய இடத்து ஆட்கள் பதில் இல்லாத கேள்வியைக் காதில் வாங்குவதில்லை.

மேற்குக் கரை மணல்மேட்டில் கல்லறை வாசலில் புது ராஜா நின்றான். மீசை அரும்பாத பையன். செத்த தகப்பன் மேலுலகில் சாப்பிடவும் பேசவும் அவர் வாயைத் திறந்துவிடும் சடங்கைச் செய்து உள்ளே இறக்குகிறவன்தான் அடுத்த ராஜா, அந்த நாட்டு முறை அது. சித்தப்பன்மார் நாலு பேர், பையன் எங்கே தப்பு செய்வான் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஹேசியை மண்டியிடச் சொன்னார்கள். வலது முட்டி மடங்கியது. இடது முட்டி மடங்கவில்லை. இரண்டு பேர் தோளில் ஏறி அழுத்தியும் மடங்கவில்லை. உயிர் போகப்போகிறது, இனி என்ன மரியாதை என்று ஹேசி பேசிவிட்டான்.

"சாமி, தொட்டுப் பாருங்க, சூடா இருக்கு. உங்கப்பா மொத்தமா சாகல. முட்டிக்குக் கீழ இன்னும் இருக்காரு. உசுரோட புதைச்சா அதுக்குப் பேரு அடக்கம் இல்ல."

சித்தப்பன்மார் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். தகப்பனைக் கொன்றவன் ராஜாவாக முடியாது. அது வெறும் கால்தான், படகுக்காரன் உளறுகிறான் என்று மெஹூ பையனின் காதில் ஓதினான். பையன் தன் கையிலிருந்த கோலைப் பார்த்தான். தகப்பனுடைய அதே கோல். அது வெறும் கால் என்றால் இது வெறும் குச்சி, குச்சி பிடித்து நிற்கிறவன் வெறும் பையன். அரண்மனையில் வளர்ந்தாலும் அவனுக்குக் கொஞ்சம் மூளை இருந்தது. கீழே குனிந்து, காலைத் தொட்டு, "அப்பா" என்றான். கால் அவன் தோளில் ஓங்கி ஒரு எத்து விட்டது. பையன் மணலில் உருண்டு எழுந்தான். கண் கலங்கியிருந்தது.

"அவருதான்" என்றான். "இப்படித்தான் எத்துவாரு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். முட்டிக்கு மேலே செத்த ராஜாவுக்கு முறைப்படி அடக்கம், பையனுக்கு முறைப்படி நாடு. முட்டிக்குக் கீழே உள்ள ராஜாவுக்கு ஹேசியின் ஊர். நாடு முழுக்கப் புது ராஜாவின் முதல் வருஷம் பிறந்தது, அந்த ஊரில் மட்டும் பழைய ராஜாவின் வருஷக்கணக்கே ஓடியது. தானியம் வசூலிக்க வந்தவர்கள் ஊர் எல்லையில் நின்று, எந்த ராஜாவின் பேரில் கேட்பது என்று தெரியாமல் குழம்பித் திரும்பிப் போனார்கள். ஆள் பிடிக்க வந்தவர்களும் அப்படியே. வாத்து வருவது நின்றதும் பூசாரி தானாகவே கிளம்பிப் போய்விட்டான்.

ஹேசி அதற்கப்புறம் வெகுகாலம் இருந்து, ஒரு வெள்ளக்காலத்தில் இருமலில் செத்தான். ஊர்க்காரர்கள் மணலில் குழி வெட்டி உடம்பை வைத்தார்கள். கால் மட்டும் குழிக்குள் போகவில்லை, யாரும் வற்புறுத்தவும் இல்லை. மறுநாள் காலையில் அது ஹேசியின் வீட்டு வாசலில் தனியாக நின்றது. நூபெத் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"நின்னது போதும். உள்ள வா, வெயில் ஏறுது" என்று சொல்லி, மாவுத் தட்டை ஓரமாக நகர்த்தினாள்.