மூன்றாம் தரம்

மண்டையைத் திறந்து வைத்துக்கொண்டு பேசச் சொன்னால் யாருக்கும் உதறல் எடுக்கும். ஏலக்காரருக்கோ குஷி பிறந்துவிட்டது. தொழிலே பேச்சு, கேட்க ஒரு கூட்டமும் பச்சை அங்கி மாட்டிக்கொண்டு சுற்றி நிற்கிறது. வேறென்ன வேண்டும்?

கட்டி, பேச்சுக்கான இடத்தை ஒட்டி வளர்ந்திருந்தது. அதனால்தான் அவரை விழித்திருக்க வைத்து, மூளையை மின்கம்பி நுனியால் இடம் இடமாகத் தொட்டுப் பார்த்தார் டாக்டர். தொட்டதும் பேச்சு நின்றால் அங்கே ஒரு எண் சீட்டு. அந்தப் பக்கம் கத்தி போகாது. கட்டியை விட்டுவைத்தால் உயிர் போய்விடும். பேச்சு போனாலும் ஏலக்காரரைப் பொறுத்தவரை அதே கணக்குதான்.

பேச்சுப் பயிற்சி தரும் அம்மா ஒரு படத்தைக் காட்டினாள். பெயரை மட்டும் சொன்னால் போதும். இவர் கேட்டால்தானே!

“குடை! உறுதியான கறுப்புக் குடை! ஒரு தரம்... ரெண்டு தரம்...”

நிறுத்தினார். டாக்டர் அவசரமாகச் சீட்டு வைத்தார்.

“மூணு தரம்!”

நாற்காலி, பானை, ஆடு எல்லாம் ஏலம் போயின. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே விடுகிற அந்த இடைவெளியில்தான் ஆசைப்பட்டவன் கை தூக்குவான்; அவர் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. டாக்டருக்கு அது எங்கே தெரியும்? சீட்டாக வைத்துத் தள்ளினார். கடைசியில் கத்தி வைக்க இடமே இல்லை.

“மூளை முழுக்கப் பேச்சாவே இருக்கே. மூடிடலாம்” என்றார் சோர்ந்துபோய்.

ஏலக்காரர் கண்ணை உயர்த்தி டாக்டர் முகத்தைத் தேடினார்.

மயக்க மருந்து டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். “சார், பேச்சு நிக்கல. இவர்தான் நிறுத்தறார். போன மாசம் இவர்கிட்டதான் பீரோ எடுத்தேன். இப்படி நிறுத்தி நிறுத்தியே என் தலையில கட்டிட்டாரு.”

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டிருப்பார், கையுறை தடுத்தது. “ஐயா, நிறுத்தாமச் சொல்லக் கூடாதா?”

“அது மட்டும் வராது டாக்டர். வேணும்னா நானா நிறுத்தினா கட்டைவிரலைத் தூக்கறேன்.”

சீட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார்கள். விரல் எழுந்தது, டாக்டர் சீட்டு வைக்காமல் கம்பியை அடுத்த இடத்துக்கு நகர்த்தினார். மறுபடியும் எழுந்தது.

“பசு! நல்ல கறவைப் பசு! ஒரு தரம்... ரெண்டு தரம்...”

விரல் எழவில்லை. ‘மூணு’ நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது. முட்டிப் பார்த்தார், வரவில்லை. எத்தனையோ பேரைக் காக்க வைத்தவர், இப்போது தானே காத்துக் கிடந்தார். பயத்தில் கண்ணில் நீர் முட்டியது.

கம்பி விலகியது.

“மூணு தரம்!” குரல் உடைந்தது.

டாக்டர் அங்கே ஒரே ஒரு சீட்டு வைத்தார். கட்டிக்குப் போகும் வழி இப்போது காலியாக இருந்தது.

“டாக்டர், கட்டியைச் சும்மாவே எடுத்துக்குங்க” என்றார் ஏலக்காரர். “அந்த இடம் மட்டும் விக்கறதுக்கு இல்ல.”